எப்போதும் நானே இறங்கிப் போகிறேன், இதுதான் தாழ்மையா?

வாசகி ஒருவரின் கடிதம்:

“எங்கள் குடும்பத்தில் நான் மூத்தவள். சிறு வயதிலிருந்தே விட்டுக்கொடுத்துப் பழகியவள். எந்தச் சண்டை வந்தாலும் நான்தான் முதலில் மன்னிப்புக் கேட்பேன். வயதான எங்கள் தாயார் தம்பியின் வீட்டில் இருக்கிறார். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப் போன ஒரு நாளில், அம்மாவுக்கு மாத்திரை சரியான நேரத்தில் கொடுக்கப்படவில்லை என்று தெரிந்து, தம்பி மனைவியிடம் அதைச் சொன்னேன். தம்பி கோபப்பட்டு, ‘வாரத்துக்கு ஒரு நாள் வந்து குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம்’ என்றான். ‘நான் சொன்னது தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்’ என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் சில மாதங்களாக அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போதகரிடம் சொன்னபோது, ‘தாழ்மையாயிருங்கள், கர்த்தர் உயர்த்துவார்’ என்றார். அலுவலகத்திலும் இதே நிலைதான். மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும் என்னை மட்டம் தட்டிப் பேசுகிறார். கிறிஸ்துவின் பிள்ளை என்பதால் வாய் திறக்காமல் இருக்கிறேன். என் கணவரோ, ‘உன் தாழ்மை எங்களுக்குத்தான் பாரமாக இருக்கிறது’ என்கிறார். இத்தனை தாழ்ந்து போயும் என் மனதில் சமாதானம் இல்லை, கசப்புதான் இருக்கிறது. மறுபடியும் நானே போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? தாழ்மை என்றால் எல்லாவற்றையும் சகித்துக்கொள்வதுதானா?”

குடும்பநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்ட கேள்விகளுக்கு முதலில் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், நீங்கள் மறுபடியும் போக வேண்டும். ஆனால் முதலில் பேச வேண்டியது தம்பியிடம் அன்று, தம்பி மனைவியிடம். அலுவலகத்தில் வாய் திறக்காமல் இருப்பதையோ நீங்கள் இனித் தொடர வேண்டியதில்லை. ஓரிடத்தில் இறங்கிப் போகச் சொல்லி, இன்னோரிடத்தில் எழுந்து நிற்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். வேதம் காட்டுகிற மனத்தாழ்மையிலிருந்தே இவ்விரண்டும் வருகின்றன என்பதால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கசப்பைப் பற்றி நீங்கள் மறைக்காமல் எழுதியது நல்லது. விட்டுக்கொடுத்த பிறகும் கசப்பு மிஞ்சுகிறதென்றால், கையிலிருந்து விட்டதை மனம் இன்னும் விடவில்லை என்று பொருள். கொடுத்த கடனை வாய்விட்டுக் கேட்காமல், அதற்கான வட்டியை மட்டும் மனதுக்குள் எழுதிக்கொண்டே வருவதைப் போன்றது அது. லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வருகிற மூத்த குமாரனை நினைத்துப் பாருங்கள். அவன் வீட்டை விட்டுப் போகவில்லை, சொத்தை அழிக்கவில்லை, தகப்பன் சொல்லை மீறவும் இல்லை. ஆனாலும் சொத்தை அழித்துவிட்ட தம்பி திரும்பி வந்த நாளில் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, “இதோ, இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து” என்று அவன் ஆரம்பிக்கும்போது, அத்தனை வருஷமும் அவன் கணக்கு வைத்திருந்தது வெளிப்படுகிறது. மூத்த பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை எளிதில் வரும். சிறு வயதிலேயே பொறுப்பு தலையில் விழுந்துவிடுகிறது; பொறுப்போடு சேர்ந்து, ‘நான் மட்டும்தான் பொறுக்கிறேன்’ என்ற எண்ணமும் வளர்ந்துவிடுகிறது. ‘நான்தான் முதலில் மன்னிப்புக் கேட்பேன்’ என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மன்னிப்புக் கேட்ட ஒவ்வொரு முறையும் அது நினைவில் பதிந்து, எதிராளியின் கணக்கில் ஒரு பாக்கியாக ஏறியிருக்கிறது. பணிந்த சொல்லுக்குள் ஒரு மேட்டிமை உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதை நாம் ஒப்புக்கொள்வது நல்லது. உங்கள் தம்பியின் காதில் விழுந்தது ஒருவேளை அதுவாக இருக்கலாம்.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதுவரை நீங்கள் தாழ்மை என்று நினைத்துச் சுமந்ததில் ஒரு பகுதி, ஆண்டவர் உங்கள்மேல் வைக்காத சுமை. ‘நான் பொறுமைசாலி, நான் நல்லவள்’ என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்கே பெரும் பலம் செலவாகிவிடுகிறது. அந்தப் பெயருக்கு எங்கே பங்கம் வந்துவிடுமோ என்ற கவலையில் இருப்பவரால் எதிரில் இருக்கும் மனிதரை நன்றாகப் பார்க்க முடிவதில்லை.

யோவான் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சீஷருடைய கால்களைக் கழுவும் நிகழ்ச்சியை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். அதற்கு முந்தின வசனத்தை மட்டும் மறுபடியும் வாசித்துப் பாருங்கள். பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், தேவனிடத்திற்குப் போகிறதையும் அறிந்தவராகவே இயேசு பந்தியிலிருந்து எழுந்து, சீலையை எடுத்து அரையிலே கட்டிக்கொண்டார் என்கிறது அந்த வசனம். தாம் யார் என்பதில் அவருக்குச் சிறிதும் ஐயம் இல்லை. அதனால்தான் குனிவதில் அவருக்கு எதுவும் குறைந்துபோகவில்லை. யூதாஸின் கால்களையும் சேர்த்தே கழுவினார். தேவனுக்கு முன்பாகத் தன் இடம் உறுதியானது என்று அறிந்தவருக்கு மனிதருக்கு முன்பாகக் குனியவும் முடியும், வேண்டிய இடத்தில் நிமிரவும் முடியும். அந்த உறுதி இல்லாதவர் குனியும்போது பயம் கலந்துவிடுகிறது. நிமிரும்போது கோபம் கலந்துவிடுகிறது. “தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல்” தெளிந்த எண்ணத்தோடு எண்ணவேண்டும் என்று ரோமர் 12:3இல் பவுல் சொல்கிறார். மிஞ்சி எண்ணாதிருக்கச் சொன்னாரே ஒழிய, தன்னை ஒன்றுமில்லாததாக எண்ணும்படி அவர் சொல்லவில்லை.

இனி உங்கள் தம்பியின் வீட்டுக்கு வருவோம். நீங்கள் எழுதிய கடிதத்தில் உங்களுடைய மனநிலை, தம்பியின் கோபம், போதகரின் ஆலோசனை, கணவரின் வருத்தம் எல்லாம் இருக்கின்றன. தம்பி மனைவியோ ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் மாத்திரையைத் தாமதமாகக் கொடுத்தவராக. நீங்கள் அப்படிச் சொன்னபோது அவர் முகம் எப்படி மாறியது, என்ன பதில் சொன்னார், ஏதாவது சொன்னாரா என்பது ஒரு வரிகூட இல்லை. வயதான ஒருவரை ஒரே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதை அதைச் செய்தவர்கள் அறிவார்கள். இரவில் எழுப்பும் குரல், ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில், மாத்திரை வேண்டாம் என்று முகம் திருப்பும் பிடிவாதம், நனைந்த படுக்கை, இவற்றுக்கு நடுவே தன் பிள்ளைகள், தன் உடம்பு. இத்தனையும் செய்த கைகளில் நடந்த ஒரு தாமதத்தை மட்டும், வாரம் ஒருமுறை வருகிறவர் சுட்டிக்காட்டும்போது, அந்தத் தாமதம் உண்மையாகவே இருந்தாலும், செய்ததெல்லாம் கண்ணில் படவே இல்லை என்ற வலி எழும். “அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக” என்று பிலிப்பியர் 2:4 சொல்கிறது. அன்றாட உறவுகளில் தாழ்மை பெரும்பாலும் இந்த நோக்குதலில்தான் தொடங்குகிறது. தன்னைக் குறைத்துப் பேசுவது அதற்கு வெகு பின்னால் வருகிற காரியம்.

எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தை உங்களுக்காகவே இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். மோசே “பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவனாயிருந்தான்” என்ற வசனம் பலருக்கும் தெரியும். அது எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. உடன்பிறந்த மிரியாமும் ஆரோனும், மோசேயின் மனைவியைக் காரணமாக வைத்து, அவனுக்கு விரோதமாகப் பேசிய இடத்தில்தான் அது வருகிறது. மோசே தன் பக்கத்து நியாயத்தைப் பேசவில்லை. மிரியாம் குஷ்டரோகியானபோது, “என் தேவனே, அவளைக் குணமாக்கும்” என்று அவளுக்காகக் கெஞ்சினான். அவள் பாளயத்துக்குப் புறம்பே இருந்த 7 நாளும் ஜனங்கள் பிரயாணம் செய்யாமல் அவளுக்காகக் காத்திருந்தார்கள். தன்னைக் காயப்படுத்திய உடன்பிறப்பு நலமடைய வேண்டும் என்று விரும்ப முடிகிறதா என்பதுதான் அங்கே சோதிக்கப்பட்டது. உங்கள் தம்பிக்காகவும் தம்பி மனைவிக்காகவும் நீங்கள் ஜெபிக்கிறீர்களா என்று கேட்டால், ஆம் என்றே சொல்வீர்கள். ‘அவர்கள் மனம் திருந்த வேண்டும்’ என்று ஜெபித்திருக்கிறீர்களா, ‘அவர்கள் களைப்பு நீங்க வேண்டும்’ என்று ஜெபித்திருக்கிறீர்களா என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

மன்னிப்புக் கேட்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். ‘நான் சொன்னது தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்’ என்ற வாக்கியத்தில் ‘இருந்தால்’ என்ற சொல் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. தப்பு நடந்ததா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலை, புண்பட்டவர் தலையில் விழுகிறது. சண்டை மூண்ட அந்த நிமிஷத்திலேயே அவசரமாகக் கேட்கப்படும் மன்னிப்பு, ‘இதோடு இந்தப் பேச்சை நிறுத்து’ என்றே கேட்பவர் காதில் விழும். அதோடு, நீங்கள் பேசியது தம்பி மனைவியிடம். மன்னிப்புக் கேட்டதோ தம்பியிடம்.

அடுத்த முறை போகும்போது தம்பி மனைவியோடு தனியாக உட்கார ஒரு நேரம் பாருங்கள். இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: “அன்றைக்கு அம்மாவின் மாத்திரையைப் பற்றி நான் பேசிய விதம் சரியில்லை. நீ நாள் முழுவதும் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், விட்டுப்போனதை மட்டும் சொன்னேன். அது உன்னைப் புண்படுத்தியிருக்கும். என்னை மன்னித்துவிடு.” இவ்வளவு போதும். இதற்குப் பின்னால் ‘ஆனாலும்’ என்று ஒரு சொல்கூட வர வேண்டாம். உங்கள் நோக்கம் நல்லதுதான் என்ற விளக்கமும் அன்றைக்கு வேண்டாம். அது உண்மை என்று அவருக்கே தெரிந்திருக்கும், தெரியாவிட்டாலும் பின்னால் தெரிய வரும். செய்யாத தப்பை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். மாத்திரை தாமதமானதைக் கவனித்தது உங்கள் தப்பல்ல, அதைச் சொன்ன விதம் மட்டுமே உங்கள் தப்பு. தாழ்மைக்கு உண்மை தேவை. நடக்காததை நடந்ததாக ஒப்புக்கொண்டு சமாதானம் வாங்குவதும் ஒரு பொய்தான்.

பிறகு, “உனக்கு இதில் எது மிகவும் கஷ்டமாக இருக்கிறது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். உங்களைப் பற்றியே ஏதாவது சொல்லக்கூடும். மூத்தவராக இருந்து பழகியவருக்கு இந்தப் பத்து நிமிஷம்தான் உள்ளதிலேயே கடினமானது. மன்னிப்புக் கேட்பதைவிடவும் கடினம் என்பேன். சீனாய் மலையில் தேவனோடு பேசப்போகிற மோசே, அதற்கு முன்பே தன் மாமனாகிய எத்திரோ, “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்று முகத்துக்கு நேரே சொன்னபோது, அவன் சொல் கேட்டு, அவன் சொன்னபடியெல்லாம் செய்தான் என்று யாத்திராகமம் 18இல் வாசிக்கிறோம். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவிகளுக்காக ஒழுங்குமுறை எழுதிய பெனடிக்ட், மடத்தின் முக்கியமான காரியங்களில் தலைவர் எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும் என்று விதித்து, இளையவருக்கே ஆண்டவர் நல்ல யோசனையை வெளிப்படுத்துவது உண்டு என்று அதற்குக் காரணமும் எழுதி வைத்தார். இளையவர் வாயிலிருந்து ஆண்டவர் பேசக்கூடும் என்ற எதிர்பார்ப்போடு தம்பியும் தம்பி மனைவியும் சொல்வதைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதில் பாதிதான் சரி என்று உங்களுக்குத் தோன்றினாலும், அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்ட பிறகு உங்களால் ஏற்க முடிந்த ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் இரவு அங்கே தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்வதாக இருக்கலாம், மருத்துவரிடம் அழைத்துப் போவதாக இருக்கலாம். எதை ஏற்றாலும் அவர்களுக்கு எது வசதி என்று கேட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வசதிப்படி நீங்களே திட்டம் போட்டு அதை உதவி என்று கொண்டுபோய் நிறுத்தினால், பழைய இடத்துக்கே வந்து சேர்வீர்கள்.

இத்தனைக்கும் பிறகு தம்பி பேசாமலே இருந்தால்? இருக்கலாம். “கூடுமானால் உங்களாலானமட்டும்” என்று பவுல் ரோமர் 12:18இல் இரண்டு வரம்புகளைப் போட்டுத்தான் சமாதானத்தைப் பற்றிப் பேசுகிறார். உங்களாலானது எதுவோ அது உங்கள் பொறுப்பு. அவருடைய பதில் அவர் பொறுப்பு. சில வாரங்களில் மாறவில்லை என்று மறுபடியும் மறுபடியும் மன்னிப்புக் கேட்டு அவரைத் துரத்த வேண்டாம். போகிற வழக்கத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

உங்கள் போதகர் சொன்னது தவறு என்று நான் நினைக்கவில்லை. அவர் மனதில் இருந்த வசனம் அநேகமாக 1 பேதுரு 5:6ஆக இருக்கும். அது தேவனுடைய “பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்” என்கிறது. எந்த மனிதருடைய கைக்குள்ளும் அடங்கியிருக்கும்படி அது சொல்லவில்லை. இந்த வேறுபாடு தெளிவாகிவிட்டால் அலுவலகத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மீதியைப் பிலிப்பி பட்டணத்தில் நடந்ததிலிருந்து பார்க்கலாம். “மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்” என்று பவுல் எழுதியது அந்தப் பட்டணத்துச் சபைக்குத்தான். அதே பட்டணத்தில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு அவரையும் அவரோடு ஊழியம் செய்த சீலாவையும் விசாரணையே இல்லாமல் வெளியரங்கமாய் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தார்கள். அப்போஸ்தலர் 16இல் அந்த இரவைப் படியுங்கள். பூமியதிர்ச்சியில் சிறையின் கதவுகள் திறந்தபோது பவுல் ஓடவில்லை. கட்டுண்டவர்கள் ஓடிப்போனார்கள் என்று எண்ணித் தன்னையே வெட்டிக்கொள்ளப் போன சிறைக்காரனைக் கூப்பிட்டுத் தடுத்தார். மறுநாள் காலையில் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, அவர்களைப் போகவிடும்படி சொன்னார்கள். அப்போது அதே பவுல், ரோமராகிய எங்களை விசாரியாமல் எல்லார் முன்பாகவும் அடித்துவிட்டு, இப்போது இரகசியமாய் விடுதலையாக்குகிறார்களோ, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்றார். அவர்கள் ரோமக் குடிமக்கள் என்று கேட்டு அதிகாரிகள் பயந்து, நேரில் வந்து, கெஞ்சி அழைத்துப்போனார்கள். இரவில் சிறைக்காரனின் உயிரைத் தன் விடுதலையைவிடப் பெரிதாக எண்ணியவருக்கு, காலையில் அநியாயத்தை அநியாயம் என்று சொல்லவும் முடிந்தது. அவர் அப்படிக் கேட்டிருக்காவிட்டால், அந்த ஊரில் அப்போதுதான் உருவாகியிருந்த சபை, குற்றவாளிகளின் கூட்டம் என்ற பெயரைச் சுமந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நம் ஆண்டவரும் மறு கன்னத்தைக் காட்டும்படி போதித்தவர்தான். ஆனால் பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் அறைந்தபோது, “நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவில்லை, வெறுமனே வாங்கிக்கொள்ளவும் இல்லை. அடித்தவனையே யோசிக்க வைக்கும் ஒரு கேள்வியை அவன்முன் வைத்தார்.

உங்கள் மேலதிகாரியிடம் நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். தனியாக நேரம் கேட்டுப் போய்ப் பேசுங்கள். கடைசியாக நடந்த ஒரு கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே நினைவுபடுத்தி, “என் வேலையில் குறை இருந்தால் அதைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். எல்லார் முன்னிலையிலும் இப்படிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை” என்று சொல்லலாம். குறை உண்மையாகவே இருந்தால் அதை அங்கேயே ஒப்புக்கொள்ளுங்கள். பிறகும் அது தொடர்ந்தால், நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்து, அவருக்கும் மேலே இருப்பவரிடம் முறைப்படி கொண்டுபோங்கள். முறையிடுவது தாழ்மைக்கு எதிரானது அன்று. பழிவாங்கும் ஆசையோடு போகிறோமா, இது நிற்க வேண்டும் என்று போகிறோமா என்பதை மட்டும் முந்தின இரவு ஆண்டவருக்கு முன்பாகச் சோதித்துக்கொண்டு போங்கள்.

இதோடு சேர்த்து, இதை வாசிக்கிற வேறு சிலருக்காகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடிபடுகிற ஒருவரிடம், மிரட்டப்படுகிற ஒருவரிடம், ‘தாழ்மையாயிரு’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது வேதத்தின் ஆலோசனை ஆகாது. தமஸ்குவில் தன்னைப் பிடிக்க ஆட்கள் காத்திருந்தபோது பவுல் கூடையில் இறங்கி மதில் வழியாகத் தப்பிப் போனார். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். மற்றதை அதன் பிறகு பேசலாம்.

உங்கள் கணவர் சொன்னதை நான் லேசாக விட்டுவிட விரும்பவில்லை. “உன் தாழ்மை எங்களுக்குப் பாரமாக இருக்கிறது” என்று அவர் ஏன் சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள். நான் ஊகிப்பதைச் சொல்கிறேன். உதவி கேட்காமல் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்பவரோடு வாழ்வது, எந்நேரமும் கடன்பட்டவராக உணர வைக்கும். “நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது” என்று பேதுரு சொன்னது பணிவாகத்தான் காதில் விழுகிறது. ஆண்டவரோ அதை ஏற்றுக்கொள்ளவில்லை. “நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை” என்றார். பெற்றுக்கொள்வதும் தாழ்மைதான், கொடுத்தே பழகியவருக்கு அது கூச்சமாக இருக்கும். களைத்துப்போன ஒரு நாளில், ‘இன்றைக்கு என்னால் முடியவில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கணவரிடம் சொல்லுங்கள். அவர் செய்து முடித்ததை நீங்கள் மறுபடியும் சரிசெய்யப் போகாதீர்கள்.

கடைசியாக, அம்மாவின் மாத்திரை. இதில் நீங்கள் கவலைப்பட்டது நியாயம். சில மருந்துகள் நேரம் தவறினால் உண்மையாகவே தீங்கு செய்யும். எவை அப்படிப்பட்டவை, எவற்றில் சற்று முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கினால், அது யாருடைய குற்றச்சாட்டாகவும் இராது. அப்படிக் கேட்டு வரலாமா என்று முதலில் தம்பி மனைவியிடமே கேளுங்கள். முடிந்தால் இருவருமாகச் சேர்ந்து போங்கள். தாயாரின் உடல்நிலை ஆபத்தாக இருப்பதாக உங்களுக்குத் தெரிந்தால், உறவு சீராகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே தம்பியிடம், குரலை உயர்த்தாமல், தனியாகச் சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் ஆலோசகர்